காலை நீட்டி உட்கார ஓர் இடம்

நம்ம குரூப்பில் போன வாரம் ஒருத்தி கேட்டாள் பாருங்கள், முதுகு வலி உயிரை வாங்குது, எந்த நாற்காலி வாங்கலாம் என்று. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத மகராசிகள் எல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஒருத்தி வலை பின்னிய நாற்காலியின் படம் போட்டாள். ஒருத்தி கழுத்துக்கு மெத்தை வைத்ததைப் போட்டாள். இன்னொருத்தி, தரையில் உட்காருங்கடி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவைத் தள்ளிவிட்டுப் போனாள். நாற்பதைத் தொட்டதும் நமக்கெல்லாம் பேச்சு பிள்ளைகளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. அன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நாற்காலி என்றாலே எனக்கு ஒரு கோடை விடுமுறை வந்து முன்னால் நிற்கும். அதை இரண்டு வரியில் அடக்க முடியாது. இப்போது எழுதுகிறேன். நீளம் என்று முணுமுணுக்காமல் படியுங்கள்.

ஏழாம் வகுப்பு முடிந்த லீவு அது. இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வந்து, அதன் பின்னாலேயே கண்ணாடி செய்கிறவன், விளக்கு செய்கிறவன், சீட் செய்கிறவன் என்று ஒவ்வொருத்தனாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டுப் பின்பக்க அறையிலும் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். கார் சீட் கம்பெனியில் வேலை. சாயங்காலம் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார். அம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுப்பாள். அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. இரும்புச் சட்டத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் வயர் பின்னியது. அது அப்பாவுடையது. அப்பாவுக்கு வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. கேட் ரூமில் முதலில் ஒரு ஸ்டூல் இருந்ததாம். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் என்று எந்தப் புண்ணியவானோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் ஷிப்ட் முழுக்க நிற்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து அந்த வயர் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். சாக்ஸின் தடம் கணுக்காலைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருக்கும். அம்மா டப்பில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். கால் தண்ணீரில் இறங்கும்போது அவர் ஒரு மூச்சு விடுவார் பாருங்கள், வீடே சேர்ந்து மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அவர் எழுந்து போனபிறகு நான் ஓடிப் போய் அதில் உட்காருவேன். தொடையில் வயர் வரிவரியாகப் பதியும்.

அம்மாவுக்குத் தரைதான். அதிலும் சம்மணம் போட்டு அவளால் உட்கார முடியாது. இடது காலை நீட்டிக்கொண்டுதான் காய் நறுக்குவாள், அரிசியில் கல் பொறுக்குவாள். இதற்காக அத்தையிடம் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அத்தை, அப்பாவுக்கு அக்கா. எதிர்வீடு. நினைத்த நேரத்துக்கு உள்ளே வருவாள்.

"பெரியவங்க வந்து நிக்கிறது கண்ணுக்குத் தெர்ல? காலை நீட்டிகினு குந்திகினு கீறா பாரு. மொதல்ல மடக்குமே!"

அம்மா சட்டென்று காலை மடக்குவாள். முகம் ஒரு நொடி சுளிக்கும். அத்தை அந்தப் பக்கம் போனதும் கால் மெல்ல வெளியே வரும். திமிர் என்பாள் அத்தை. நான் அதை அம்மாவின் பழக்கம் என்று நினைத்திருந்தேன், நம்ம கிளாஸில் ஒருத்தி இடது கையால் எழுதுவாளே, அந்த மாதிரி. எங்கள் வீட்டில் அம்மா வலிக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னதுமில்லை.

ஒருநாள் அண்ணன் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், "ஏக்கா, எங்க கம்பெனில ஆள் கேக்காவ. நீங்க வாரியளா?" என்றார்.

"நா இன்னா படிச்சிக் கீறேன் தம்பி? எனுக்கு இன்னா வேலை தெரியும்?"

"படிப்பு எதுக்குக்கா? உக்காரணும். அவ்வளவுதான்."

"உக்காந்து இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். உக்காருததுதான் வேலையே!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் விளக்கிச் சொன்னார். புதுக் காருக்கு சீட் செய்து பார்க்கிறார்கள். நெட்டை, குட்டை, ஒல்லி, குண்டு என்று எல்லா உடம்பும் அதில் வெகுநேரம் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது, எங்கே சுகமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குட்டையான பெண்ணாள் மட்டும் கிடைக்கவில்லை. நன்றாகச் சொல்கிறவர்களை அடுத்தடுத்து வரும் கார்களுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் கேட்கவா வேண்டும்! அத்தை கையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "உக்கார்றதுக்கு கூலியா? எந்த ஊர்ல நடக்குது இந்த அதிசயம்? இன்னாத்துக்குக் கூப்புட்றானோ!" அப்பா டப்பிலிருந்து காலை எடுக்காமலே, "நா நின்னுகினு சம்பாரிக்கிறேன், நீ குந்திகினு சம்பாரிக்கப் போறியா?" என்றார். வேடிக்கையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. அம்மா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அந்த முறை மட்டும், "ஒரு நாளு போய்ப் பாத்துட்டு வர்றேனே" என்று மூன்று தரம் சொன்னாள். கடைசியில் என்னைத் துணைக்கு அழைத்துப் போவது என்று முடிவானது.

அந்த ஹாலை எப்படிச் சொல்வேன்! கதவைத் திறந்ததும் சில்லென்று ஏசி. எனக்கு அதுதான் முதல் ஏசி. புது ரெக்சின், பசை, ஸ்பாஞ்சு எல்லாம் கலந்த ஒரு வாசனை. இப்போதும் புதுக் காரில் ஏறினால் அது மூக்கில் ஏறும். நடுவில் ஒரு கார் நின்றது. காரென்றா சொல்வது? கூரை கிடையாது, கதவு கிடையாது, சக்கரம் கிடையாது. அடித்தட்டும், ஸ்டியரிங்கும், முன்னால் பின்னால் சீட்டுகளும்தான். அதற்கு எதிரில் வெறும் வெள்ளைச் சுவர்.

"உக்காருங்கக்கா" என்றார் அண்ணன். அம்மா உட்காரவில்லை. பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக ஒரு சார் நின்றிருந்தார். அண்ணனுக்கு மேலதிகாரி. அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "சார் நிக்கிறாரே" என்றாள். சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் அம்மா ஏறினாள், அதுவும் சீட்டின் விளிம்பில், கோழி மாதிரி.

"பின்னால சாஞ்சு உக்காருங்கம்மா. காலை நீட்டுங்க. இன்னும் நீட்டுங்க. நல்லா நீட்டணும்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு பெரிய மனுஷன் எதிரில் உட்கார்ந்து, காலை நீட்டு என்று சொல்கிறார்! இரண்டு காலையும் நீட்டி, மெதுவாக முதுகைச் சாய்த்தாள். கொண்டை தலைசாய்ப்பில் இடித்தது. அதை அவிழ்த்து ஒரு பக்கமாகப் போட்டுக்கொண்டாள். என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார் சார். உட்கார வைத்துவிட்டு அவர்கள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அவ்வப்போது வந்து கேட்பார்கள்.

பெண்களா, நம்ம அம்மாக்கள் சும்மா உட்கார்ந்து யாராவது பார்த்திருக்கிறோமா? கையில் முறமில்லை, அரிவாள்மணை இல்லை, துவைக்கத் துணியில்லை. முதல் நாள் அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. மடியில் வைத்தாள், முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் அதை இலேசாகத் திருப்பினாள்.

"எங்கம்மா போறோம்?" என்றேன்.

"ஏரிக்கு." வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தோ, தண்டலம் வந்துட்சி. ஓரமா புடிச்சிக்கோ, லாரிக்காரன் வர்றான். இப்ப செம்பரம்பாக்கம். கரை மேல ஏத்தட்டா?"

"ஏத்தும்மா!"

"தண்ணி பாத்தியா பாப்பா, எம்மாந் தண்ணி! காத்து எப்டி அடிக்குது!"

ஏசிக் காற்றுதான். நான் பின்னாலிருந்து அவள் தலைமுடியின் எண்ணெய் வாசனையை முகர்ந்துகொண்டு, ஏரியைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அந்த லீவில் நாங்கள் பூந்தமல்லி போனோம், காஞ்சிபுரம் போனோம், ஒருநாள் அவள் பிறந்த ஊருக்கே போய் மாமா வீட்டு வாசலில் ஹாரன் அடித்தோம். அந்தக் காருக்கு ஹாரனும் கிடையாது. அம்மாவே வாயால் அடித்தாள். அவ்வளவு விளையாட்டு அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவுமில்லை.

சார் வந்து இரண்டு கேள்வி கேட்பார். எங்கேயாவது வலிக்கிறதா? சுகமாக இருக்கிறதா? அம்மாவிடம் ஒரே பதில்தான். "நல்லா கீது சார்." சீட்டை மாற்றிப் போடுவார்கள். "நல்லா கீது சார்." ஒருநாள் போட்டது பலகை மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டுக்கு வந்த தடித்த ஆள், "யோவ், இதுல மனுசன் குந்துவானாய்யா" என்று எழுந்தே போய்விட்டார். அம்மா அதற்கும் நல்லா கீது என்றாள்.

வரும் வழியில் கேட்டேன், ஏம்மா பொய் சொன்னாய் என்று.

"ஒருத்தரு குந்துன்னு எடம் குடுக்கறாரு. குந்திகினே அதுல நொட்டை சொல்றதா? ஒரு வூட்ல சாப்ட்டுட்டு உப்பு பத்தலன்னு சொல்லுவியா நீ?"

அவளுக்கு அது மரியாதை. சாருக்கு அது உபயோகமில்லை. அண்ணன் ஒரு சாயங்காலம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லுதிய. சார் உங்கள நிப்பாட்டிருவாரு போல. வலிக்க எடத்தச் சொல்லுதவங்களத்தான் வச்சிக்கிடுவாவ. கூச்சப்படாம சொல்லுங்கக்கா."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "இந்த வேலை பூடக் கூடாது பாப்பா" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அங்க குந்தனா யாரும் ஏன்னு கேக்கறதுல்ல."

அன்றும் சார் வந்து கேட்டார். அம்மா இடது இடுப்புக்குக் கீழே கையை வைத்து, "இங்க வலிக்குது சார்" என்றாள். என் அம்மா வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பின்சீட்டிலிருந்து எட்டி அவள் முகத்தைப் பார்த்தேன். சாருக்கோ ஒரே சந்தோஷம். "வெரி குட், இப்படித்தான் சொல்லணும்" என்று எழுதிக்கொண்டு போனார். அந்த இடத்து ஸ்பாஞ்சை மாற்றி வேறு சீட் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அதே இடத்தில் கை வைத்தாள். "இங்கதான் சார்." அடுத்தது மெத்தென்றிருந்தது. "இங்க." அதற்கடுத்தது இன்னும் உயரம். "இங்க."

இதில் இன்னொரு கூத்து. சுகமாக இருக்கிறதா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்றாள். அண்ணனே பொறுமையிழந்துவிட்டார்.

"ஏக்கா, வலிக்கின்னும் சொல்லுதிய, சொகமா இருக்குன்னும் சொல்லுதிய. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா."

"வலிக்குது தம்பி. ஆனா சொகமாத்தான் கீது. ரெண்டும் கீது, நா இன்னா பண்ணுவேன்?"

சார் அண்ணனிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் குழம்புக்கு அவர் வரவில்லை. அம்மாதான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னறை வாசலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"நாளைலேர்ந்து வரண்டாம்னுட்டாருக்கா. எந்த சீட்ல உக்கார வச்சாலும் ஒரே எடத்தக் காட்டுதாவ, அவங்களுக்குக் கேள்வியே வெளங்கலன்னுட்டாரு."

"நெசமாத்தான தம்பி சொன்னேன்."

"தெரியும்க்கா" என்றார் அவர். என்ன தெரிந்ததோ.

சொல்லுங்கள், எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் ஒரே இடம் வலிக்கிறது என்றால் கோளாறு சீட்டிலா இருக்கும்? உட்கார்ந்தவள் உடம்பில் அல்லவா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? இன்றைக்கு நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த சார் நல்லவர்தான், அண்ணன் தங்கமானவர், அப்பா அம்மாவை அடித்தவரில்லை, வைதவருமில்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சீட்டைப் பற்றியே யோசித்தார்கள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. சொல்லிப் பழகிவிட்ட வாய் அல்லவா? வீட்டிலும் அம்மா சொல்லத் தொடங்கினாள். குடத்தை இறக்கும்போது, "யம்மா, இடுப்பு வலிக்குதே." தரையிலிருந்து எழும்போது, "தோ இந்த எடந்தான்." அதற்கு முன் அவள் சொல்லி யாரும் கேட்டதில்லையா, அதனால் வலியே அப்போதுதான் வந்தது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அத்தைக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

"நா அப்பவே சொன்னேன். மெத்தைலயும் ஏசிலயும் குந்திகினு வந்தா இடுப்பு புடிக்காம இன்னா செய்யும்? தரைல குந்தன வரைக்கும் உனுக்கு இன்னா நோவு இருந்துச்சி, சொல்லு பாப்போம்! இனிமே அந்த சொகுசெல்லாம் வாணா. நல்லா மடக்கித் தரைல குந்து, தன்னால பூடும்."

அம்மா அதை நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுகமாக உட்கார்ந்ததற்கு உடம்பு கொடுத்த தண்டனை என்றே நம்பிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி உட்காரப் பழகினாள். ஒரு சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றாமல், அவள் தரையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"இதுல குந்துமே கொஞ்ச நேரம்."

"வாணாங்க. அதாலதான இது வந்துச்சி. நீங்க குந்துங்க, காலு வீங்கிக் கீது பாருங்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள். அப்பா அன்றைக்கு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார்.

அப்புறம் நம்ம ஊரே நாற்காலி ஊராகிவிட்டது. வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி, கல்யாணத்துக்குக் கல்யாணம் துணி போர்த்திய நாற்காலி. என் கல்யாணத்தில் உங்களில் எத்தனை பேர் என் அம்மாவைப் பார்த்தீர்களோ, மண்டப மூலையில் பாயில் இருந்தாள். பொண்ணோட அம்மா நாற்காலியில் உட்காரக்கூடாதா என்று சம்பந்திகள் கேட்டார்கள். "எனுக்கு ஒத்துக்காதுங்க" என்றாள். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து நாங்கள் கார் வாங்கியதும், முன்சீட்டில் ஏறும்மா, ஏரிக்கரைக்குப் போகலாம் என்று ஆசையாகக் கூப்பிட்டேன். பஸ்ஸில் வருகிறேன் என்றாள். அந்த சீட் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது யாரோ கிடங்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன். அந்தக் கூரையில்லாத காரை எந்தக் காயலான் கடையில் போட்டு உடைத்தார்களோ! இருந்திருந்தால் என்ன விலை சொன்னாலும் வாங்கியிருப்பேன். வைக்க இடமில்லை, இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அப்பா போனபிறகு அம்மாவால் நடக்கவே முடியாமல் போயிற்று. பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேவை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டரம்மா கேட்டார், வலி எத்தனை வருஷமாக என்று.

"கார் சீட்ல குந்தனதுலேர்ந்தும்மா" என்றாள் அம்மா. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இடுப்பு மூட்டு பிறவியிலேயே சரியாக அமையவில்லையாம். சின்ன வயசிலிருந்தே வலித்திருக்க வேண்டுமாம். காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து மிச்சமும் தேய்ந்துவிட்டதாம். இத்தனை நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார்.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வெளியே வராந்தாவில், சக்கர நாற்காலியின் பக்கத்தில் முட்டிபோட்டு, எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "அந்த சீட்டால வந்தது இல்லம்மா. பொறந்ததுலேர்ந்தே இருந்துச்சாம். நீ சொன்னது அத்தனையும் உண்மைம்மா. சீட்டு ஒண்ணும் செய்யல."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ மருந்துச் சீட்டுக்கு டோக்கன் கூப்பிட்டார்கள். அம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் நாற்காலியின் கைப்பிடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள்.

"அப்ப, இத்தினி வருசமும் நா குந்திகினு இருந்திருக்கலாமா பாப்பா?"

இருந்திருக்கலாம்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.